மவுஸை மாற்றும் முன் மேஜையைப் பாருங்கள்

கேள்வி: குடியாத்தத்தில் வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். லுங்கி வியாபாரம் செய்யும் மூன்று கடைகள், ஒரு தீப்பெட்டி கம்பெனி. டேலி, எக்ஸெல், ஜிஎஸ்டி போர்ட்டல், இவைதான் என் வேலை. 15.6 அங்குல லேப்டாப். டச்பேடில் தேய்த்துத் தேய்த்து வலது மணிக்கட்டு வலிக்கிறதே என்று ஆன்லைனில் 300 ரூபாய்க்கு ஒரு வயர்லெஸ் மவுஸ் வாங்கினேன். கர்சர் திடீரென்று தாவுகிறது. சில சமயம் அப்படியே நின்றுவிடுகிறது. ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுக்கும்போது ரொம்ப மோசம். வேலூரில் ஒரு கடையில் கேட்டேன். "டிபிஐ பத்தாது, 16,000 டிபிஐ கேமிங் மவுஸ் எடுத்துக்குங்க" என்று 2,000 ரூபாய்க்கு ஒன்றைக் காட்டினார்கள். தம்பி புளூடூத் வாங்கச் சொல்கிறான். ஆயிரம் ரூபாய்க்குள் எது நல்லது? கண்ணாடி போட்ட மேஜையில் வேலை செய்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் கடைகளுக்கும் போய் வருவேன். டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன், பிரின்டர், ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றுக்கும் போர்ட் போதாமல் ஒரு ஹப் வைத்திருக்கிறேன். இன்னொன்று: இரவில் விரல்கள் மரத்துப் போகின்றன. மவுஸ் மாற்றினால் சரியாகுமா?

ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்:

வணக்கம் மேடம். அந்த 2,000 ரூபாய் மவுஸை வாங்காமல் வந்தீர்களே, நல்ல காரியம். வாங்கியிருந்தால் அதுவும் உங்கள் மேஜையில் இதே போலத்தான் தாவியிருக்கும். நோய் என்ன என்பதை நீங்களே கடிதத்தில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள்: கண்ணாடி மேஜை, ஹப், பேக்கப் நேரம். காட்பாடியில் லேப்டாப் சர்வீஸ் செய்கிறவன் நான். "மவுஸ் சரியில்லை" என்று கொண்டுவருகிறவர்களிடம் முதலில் கேட்பதே "எது மேல வெச்சு ஓட்டுறீங்க, டாங்கிள் எங்க சொருகியிருக்கு?" என்பதுதான். டாங்கிள் என்பது வயர்லெஸ் மவுஸோடு வரும், யுஎஸ்பி போர்ட்டில் சொருகும் குட்டி ரிசீவர். பாதிப் பேருக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

முதலில் கண்ணாடி. இன்றைய மவுஸ்களின் அடியில் இருப்பது ஒரு குட்டிக் கேமரா. பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு சாய்வாக வெளிச்சம் அடிக்க, கேமரா மேஜைப் பரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை படம் பிடிக்கிறது. ஒரு படத்தில் இருந்த சொரசொரப்பு அடுத்த படத்தில் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுத்தான் கர்சரை நகர்த்துகிறது. மரம், துணி, காகிதம் என்றால் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும். சுத்தமான கண்ணாடியில் என்ன இருக்கிறது? கண்ணாடிக்குக் கீழே நீங்கள் பூப்போட்ட துணி விரித்திருந்தாலும் பயன் இல்லை. கேமராவின் பார்வை மவுஸின் அடிவயிற்றை ஒட்டிய பரப்பில் மட்டும்தான் கூர்மையாக விழும். கண்ணாடியின் கனத்தைத் தாண்டிக் கீழே இருப்பது அதற்கு மங்கல்தான்.

கண்ணாடி மேஜையில் ஒரு வேடிக்கை உண்டு. சில நாள் மவுஸ் ஒழுங்காக ஓடும், சில நாள் பேயாட்டம் போடும். ஒழுங்காக ஓடும் நாளில் கண்ணாடி மேல் தூசியும் கைரேகையும் இருந்திருக்கும். கேமரா அதைப் பிடித்துக்கொண்டு ஓட்டியிருக்கும். ஈரத்துணி போட்டுப் பளிச்சென்று துடைத்த அன்றைக்குத்தான் கர்சர் அதிகமாகத் தாவும். உங்கள் வீட்டிலும் அப்படித்தானா என்று யோசித்துப் பாருங்கள். பாலிஷ் போட்ட கருப்பு கிரானைட்டிலும் இதே கதை நடக்கலாம்.

செலவில்லாத சோதனை ஒன்று. வீட்டில் போன வருட தினசரி காலண்டர் அட்டை கிடக்குமே, அதைத் திருப்பிப் போட்டு, பளபளப்பில்லாத பின்பக்கத்தில் மவுஸை ஓட்டுங்கள். தாவுவது நின்றால் மவுஸ் மேல் குற்றமில்லை. பிறகு துணி மேற்பரப்பும் ரப்பர் அடியும் கொண்ட சாதாரண மவுஸ் பேடு ஒன்று வாங்கிப் போட்டால் போதும். கண்ணாடியிலேயே ஓடும் மவுஸும் உண்டு. லாஜிடெக் 2009-இல் டார்க்ஃபீல்டு என்ற பெயரில் அப்படி ஒரு சென்சார் கொண்டுவந்தது. குறைந்தது 4 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடியில் ஓடும் என்று சொல்கிறார்கள், ஓடவும் செய்கிறது. ஆனால் அது பல ஆயிரம் ரூபாய் மாடல்களில் வருகிற சங்கதி. பேடு போட்டால் தீர்கிற விஷயத்துக்கு அவ்வளவு செலவு எதற்கு?

அட்டையில் வைத்தும் தாவுகிறதா? மவுஸைக் குப்புறத் திருப்பி அடியில் உள்ள துளையை வெளிச்சத்தில் பாருங்கள். லுங்கிக் கடைகளுக்குப் போய் வருகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். துணிக்கடை, தையல் கடை, தறி இருக்கிற வீடு, இங்கிருந்தெல்லாம் வருகிற மவுஸ்களில் அந்தத் துளைக்குள் பஞ்சு இழை சிக்கியிருப்பது சகஜம். வாணியம்பாடிப் பக்கத்துத் தையல் கடைக்காரர் ஒருவர் கொண்டுவந்த மவுஸில் லென்ஸுக்குக் குறுக்கே ஒரே ஒரு வெள்ளை நூல் கிடந்தது, கண் இமை முடி அளவுதான் இருக்கும். மேஜை நகர்கிறது, நூல் நகரவில்லை. கேமரா இரண்டையும் பார்த்துவிட்டுக் குழம்புகிறது. ட்வீசரால் அதை எடுத்துப் போட்டதும் கர்சர் அடங்கிவிட்டது. காது குடையும் பஞ்சுக் குச்சியைத் தண்ணீர் தொடாமல் வைத்து மெதுவாகச் சுற்றி எடுத்தாலும் வந்துவிடும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் லென்ஸில் போய் உட்காரும்.

அடுத்தது, நின்றுவிடுகிறது என்றீர்களே, அதுவும் பேக்கப் நேரத்தில். இது மேஜையின் வேலை இல்லை, ஹப்பின் வேலை.

உங்கள் மவுஸும் அதன் டாங்கிளும் பேசிக்கொள்வது 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ரேடியோ அலைவரிசையில். புளூடூத்துக்கும் பல வைஃபைக்கும் அதே அலைவரிசைதான், அந்த நெரிசலை மவுஸ் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். சிக்கல் யுஎஸ்பி 3.0-இல் இருக்கிறது. அந்த வகை போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் வேகமாகத் தகவலை அனுப்பும்போது கேபிளிலிருந்தும் சாக்கெட்டிலிருந்தும் ஒரு ரேடியோ இரைச்சல் கசிகிறது. அந்த இரைச்சல் சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்திலேயே விழுகிறது. நான் சொந்தமாகக் கண்டுபிடித்ததில்லை, இன்டெல் நிறுவனமே 2012-இல் அறிக்கையாக வெளியிட்ட விஷயம். மவுஸ் அனுப்புவது மிகச் சன்னமான சிக்னல். கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் காதில் ரகசியம் சொல்வது போலத்தான் அதன் பாடு. ஹப்பில் ஹார்ட் டிஸ்கும் டாங்கிளும் தோளோடு தோள் உரசிக்கொண்டு இருந்தால் பேக்கப் முடியும்வரை மவுஸ் செத்துச் செத்துப் பிழைக்கும்.

தீர்வு சுலபம். ஹப்பிலிருந்து டாங்கிளை எடுத்துவிட்டு லேப்டாப்பின் உடம்பில் உள்ள போர்ட்டிலேயே நேராகச் சொருகுங்கள். ஹார்ட் டிஸ்க் இடப்பக்கம் என்றால் டாங்கிள் வலப்பக்கம். பல லேப்டாப்களில் யுஎஸ்பி 3 போர்ட்டின் உள்ளே நீல நிறப் பிளாஸ்டிக் தெரியும், அல்லது பக்கத்தில் இரண்டு 'எஸ்' எழுத்து போட்டிருப்பார்கள். உள்ளே கருப்பாக இருக்கும் போர்ட் இருந்தால் டாங்கிளுக்கு அதைக் கொடுங்கள், அதற்கு வேகம் தேவையே இல்லை. டிஎஸ்சி டோக்கனையும் பிரின்டரையும் ஹப்புக்கு அனுப்பிவிடலாம், அவை கோபித்துக்கொள்ளாது. இடமே இல்லை என்றால் ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை அதன் நுனியில் மாட்டி மவுஸ் பேடுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். முன்னே சொன்ன இன்டெல் அறிக்கையின் சாரமும் இதுதான்: ரிசீவரை இரைச்சலிலிருந்து தள்ளி வை.

சும்மா விட்டு வைத்த மவுஸ் சில நிமிடம் கழித்துத் தொட்டால் எழுந்திருக்க நேரமாகிறது என்றால் அது வேறு. செல்லை மிச்சம் பிடிக்க மவுஸ் தானாகத் தூங்கும். அது குறை இல்லை. கூடவே விண்டோஸும் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று யுஎஸ்பி போர்ட்டைத் தூங்க வைப்பது உண்டு. டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப் என்று இருப்பதன் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போய், கம்ப்யூட்டர் இதை அணைக்கலாம் என்ற பொருளில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.

இனி அந்த 16,000 டிபிஐ. மவுஸ் ஒரு அங்குலம் நகர்ந்தால் எத்தனை எண்ணிக்கையைக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது என்பதுதான் டிபிஐ. உங்கள் திரையின் அகலம் 1920 புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். 1000 டிபிஐ மவுஸை விண்டோஸின் வழக்கமான வேகத்தில் இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக நகர்த்தினால் கர்சர் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். கைக்கு அது வசதியான தூரம். 16,000 டிபிஐயில் அதே தூரத்தைக் கடக்க மூன்று மில்லிமீட்டர் போதும். மூச்சு விட்டால் கர்சர் ஓடிவிடும். எக்ஸெலில் ஒரு செல்லைக் குறிபார்த்துக் கிளிக் செய்வது எப்படி? கடைசியில் அந்த மவுஸையும் குறைத்துக் குறைத்து ஆயிரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்துதான் ஓட்டுவீர்கள். கேமிங் மவுஸ் கெட்டது என்று சொல்லவில்லை. துப்பாக்கிச் சூடு விளையாடும் பையன்களுக்கு அது தேவை. உங்களுக்கு 1000 முதல் 1600 வரை இருந்தால் தாராளம். பெட்டி மேல் அதற்கு மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பார்க்கவே வேண்டாம்.

மணிக்கட்டு விஷயத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் உங்கள் கடிதத்தில் மவுஸை விட இதுதான் முக்கியம். நான் மெக்கானிக், டாக்டர் இல்லை. ஆனால் இரவில் விரல் மரத்துப் போவது என்பதை மவுஸ் மாற்றிப் பார்த்துக் காத்திருக்கும் விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் இந்த மூன்றில் மரமரப்பு என்றால் மணிக்கட்டு வழியாகப் போகும் நரம்பு அழுத்தப்படுகிறதா என்று பார்ப்பார்கள். சர்க்கரையும் தைராய்டு குறைவும் இருப்பவர்களுக்கு இது அதிகம் வரும் என்பதால் அவற்றையும் சோதிக்கச் சொல்வார்கள். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்காமல் இருக்கப் பட்டை போட்டுக்கொள்வதிலேயே ஆரம்ப நிலையில் பலருக்குக் குறைகிறது. நீங்கள் வேலூருக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் இங்கே வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாரை மாற்றிப் பொருத்தி மறுபடி வேலை செய்ய வைத்த ஊர் இது. கைக்கென்று தனியாக வைத்தியம் பார்க்கும் இடம் சிஎம்சி மருத்துவமனையில் இருக்கிறது. பஸ் ஏறினால் வந்துவிடலாம், தள்ளிப் போடாதீர்கள்.

வலி வரக் காரணமான உட்காரும் விதத்தைப் பற்றி நான் பேசலாம். உங்களுடையது 15.6 அங்குல லேப்டாப், வலப்பக்கம் நம்பர் பேடு இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் நீங்கள் தட்டச்சு செய்யும் இடம் திரையின் நடுவிலிருந்து இடப்பக்கம் தள்ளியிருக்கும். மவுஸோ நம்பர் பேடையும் தாண்டி வலது கோடியில். ஒவ்வொரு முறையும் கையை விலாவிலிருந்து விரித்து நீட்டி, மணிக்கட்டை வெளிப்பக்கம் ஒடித்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பில் தொகையை நம்பர் பேடில் அடிக்கவும் அதே வலது கை, மவுஸுக்கும் அதே வலது கை. இடது கை பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

மவுஸை இடது கைக்குக் கொடுத்துவிடுங்கள். சிரிக்காதீர்கள். எண்களோடு வேலை செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியாது. வலது கை நம்பர் பேடை விட்டு நகரவே வேண்டாம், இடது கை அதன் பக்கத்திலேயே இருக்கும் மவுஸைப் பார்த்துக்கொள்ளும். முதல் சில நாள் எழுதத் தெரியாத பிள்ளை மாதிரி தடுமாறும், அப்புறம் பழகிவிடும். விண்டோஸ் செட்டிங்ஸில் மவுஸ் பகுதிக்குப் போனால் முதன்மை பட்டனை வலப்பக்கம் மாற்றும் வசதி இருக்கிறது. வீட்டில் பிள்ளைகளும் அதே லேப்டாப்பை எடுப்பார்கள் என்றால் அதை மாற்றாமலேயே நடு விரலால் கிளிக் செய்யப் பழகுங்கள். இல்லையென்றால் தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

டேலியில் மவுஸைத் தொடவே வேண்டாம் என்பது உங்களுக்குத் தெரியாததா? எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ், கன்ட்ரோல் ஏ அடித்தால் சேவ். அது கீபோர்டுக்காகவே பிறந்த சாஃப்ட்வேர். இருந்தும் டேலி பிரைம் வந்த பிறகு பல பேர் மெனுவைக் கிளிக் செய்து கிளிக் செய்து வேலை பார்ப்பதைப் பார்க்கிறேன். எக்ஸெலில் கன்ட்ரோலோடு அம்புக்குறி விசையை அடித்தால் பட்டியலின் கடைசிக்குப் போகும், ஆல்ட்டோடு சமக்குறி அடித்தால் கூட்டல் வந்து நிற்கும். ஆக மவுஸ் உண்மையில் தேவைப்படுவது போர்ட்டலுக்குத்தான். அங்கே வேறு வழியில்லை, கிளிக் செய்துதான் ஆக வேண்டும்.

இப்போது தம்பி சொல்வது. புளூடூத் மவுஸுக்கு டாங்கிள் வேண்டாம், போர்ட் மிச்சம், தொலைவதற்கும் ஒன்றும் இல்லை. டைப்-சி ஓட்டை இரண்டு மட்டும் உள்ள மெல்லிய புது லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டாம் என்பேன். போர்ட்டில் சொருகியதும் ஓடுவது டாங்கிள் மவுஸ். புளூடூத் மவுஸ் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் "இணைப்பு இல்லை" என்று முறைத்துக்கொள்ளும், நீக்கிவிட்டு மறுபடி ஜோடி சேர்க்க வேண்டியிருக்கும். அந்த ஒருநாள் 20-ஆம் தேதி ராத்திரி 3பி என்ற மாதாந்தர ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தாக்கல் செய்யும் நேரமாக இருந்தால்? தவிர கடைகளில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்பில் புளூடூத்தே இருக்காது. டாங்கிளை அதில் சொருகினால் உங்கள் கைக்குப் பழகிய மவுஸிலேயே அங்கேயும் வேலை பார்க்கலாம். தம்பி கோபித்துக்கொண்டால் இரண்டு வகையும் சேர்ந்த மவுஸ் இருக்கிறது என்று சொல்லுங்கள், பேர் பெற்ற கம்பெனியில் அது உங்கள் பட்ஜெட்டைத் தாண்டக்கூடும்.

அப்படியானால் எது? இரண்டு கையாலும் பிடிக்கிற மாதிரி இருபக்கமும் ஒரே வடிவம், டாங்கிள், கழற்றி மாட்டும் ஒற்றை பென்சில் செல், அமைதியான கிளிக். இந்த நான்கும் ஒன்றாக இருப்பது லாஜிடெக் எம்221. இரவு வேலையில் பக்கத்தில் தூங்குகிறவர்களுக்கு டிக் டிக் சத்தம் கேட்காது. அதன் சத்தம் போடும் அண்ணன் எம்185, இன்னும் கொஞ்சம் மலிவு, அதுவும் இருபக்க வடிவம்தான். இரண்டுமே 1000 டிபிஐ. எம்185 சுமார் 10 செ.மீ. நீளம், பெண்களின் கைக்குப் பொதுவாகச் சரியாக உட்காரும், கை பெரிதானவர்களுக்குச் சின்னதாகத் தோன்றும். அதே கம்பெனியின் எம்331 நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வலது கைக்கென்று வளைத்துச் செய்தது, இடது கை யோசனைக்கு ஒத்து வராது. தட்டையாகச் சோப்புக் கட்டி போல வரும் மாடல்கள் பையில் வைக்க அழகு, நாள் முழுக்கப் பிடிக்க உள்ளங்கைக்குத் தாங்கல் இல்லை. கையைச் செங்குத்தாகப் பிடிக்கும் வெர்டிகல் மவுஸ் பற்றி யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் வலது கைக்கு மட்டும் வருகிறது. டாக்டரைப் பார்த்து அவர் சொன்னால் பிறகு யோசிக்கலாம்.

கையில் இருக்கும் 300 ரூபாய் மவுஸைத் தூக்கிப் போடாதீர்கள். அட்டை வைத்து, டாங்கிள் இடம் மாற்றி அது ஒழுங்காக ஓடினால் புதிதாக வாங்கவே வேண்டாம், பேடு மட்டும் போதும். ஓடாவிட்டாலும் அவசரத்துக்கு உதவும். செல் போடும் அறைக்குள் டாங்கிள் வைக்கும் பொந்து இருக்கும், பயன்படுத்தாதபோது அதிலேயே வையுங்கள். மலிவு மவுஸில் டாங்கிள் தொலைந்தால் மவுஸும் போனதாக அர்த்தம், வேறு டாங்கிள் அதோடு சேராது.

நம் ஊர் வெயிலுக்கு இரண்டு எச்சரிக்கை. பக்கவாட்டில் மெத்தென்று ரப்பர் பூசிய மவுஸை வாங்க வேண்டாம். கடையில் தொட்டுப் பார்க்க வெல்வெட் மாதிரி இருக்கும். வருடம் போகப் போக வெப்பத்திலும் கை வேர்வையிலும் அந்தப் பூச்சு சிதைந்து பிசுபிசுவென்று விரலில் ஒட்ட ஆரம்பிக்கும், அதில் உங்கள் கடைகளின் பஞ்சும் சேர்ந்துகொள்ளும். வெறும் பிளாஸ்டிக்தான் நீடிக்கும். இரண்டாவது, செல். பெட்டியோடு வருவதும் பெட்டிக்கடையில் மலிவாகக் கிடைப்பதும் பல நேரம் கார்பன் செல், சீக்கிரம் தீரும், சீக்கிரம் கசியும். ஆல்கலைன் போடுங்கள். அதையும் சித்திரை வைகாசி வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் மவுஸோடு வைத்து வேக விடாதீர்கள். நீண்ட நாள் எடுக்கப் போவதில்லை என்றால் செல்லைக் கழற்றிவிட வேண்டும். ஸ்பிரிங்கில் வெள்ளை மாவு பூத்திருந்தால், ஆல்கலைன் செல்லாக இருந்தால், பஞ்சில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, நன்றாகக் காய்ந்த பிறகு புதுச் செல் போடுங்கள். ரீசார்ஜ் செல்லும் ஓடும். அதன் அழுத்தம் 1.5-க்குப் பதில் 1.2 வோல்ட் என்பதால் சில மவுஸ் முன்கூட்டியே "செல் குறைவு" என்று விளக்குக் காட்டும், பயப்பட வேண்டாம்.

பாதுகாப்பு பற்றி ஒரு வரி. உங்களிடம் நான்கு பேரின் பாஸ்வேர்டு இருப்பதால் சொல்கிறேன். 2016-இல் பாஸ்டில் என்ற ஆராய்ச்சி நிறுவனம் பல கம்பெனிகளின் டாங்கிள்களை வெளியிலிருந்து ஏமாற்றிக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்ய வைக்க முடியும் என்று காட்டியது. பெரிய கம்பெனிகள் அதற்குத் திருத்தம் கொடுத்தன. பெயர் தெரியாத டாங்கிளுக்கு யார் திருத்தம் கொடுப்பார்கள்? குடியாத்தத்தில் உங்கள் வாசலில் ஒருவர் அந்தக் கருவியோடு வந்து நிற்கும் வாய்ப்பு அபூர்வம்தான். எழுந்து போகும்போது விண்டோஸ் விசையோடு 'எல்' அடித்துப் பூட்டிவிட்டுப் போகும் பழக்கம் இருந்தால் போதும்.

வாங்கும்போது போலியைக் கவனியுங்கள். பேர் போன மாடலுக்குத்தான் போலி அதிகம். பெட்டியில் அதிகபட்ச விலை, எந்த நாட்டில் தயாரித்தது, இறக்குமதி செய்தவரின் பெயர் முகவரி, மாதம் வருடம் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். வாரன்டி மாடலுக்கு மாடல் மாறும், பெட்டியில் எத்தனை வருடம் என்று பார்த்து, பில்லில் மாடல் எண்ணை எழுதி வாங்குங்கள். ஒரு கிளிக் இரண்டு கிளிக்காக விழ ஆரம்பிப்பதுதான் மவுஸ்களுக்கு வரும் பொதுவான வியாதி. பட்டனுக்கு அடியில் இருக்கும் சின்ன சுவிட்ச் தேய்வதால் வருவது. வாரன்டிக்குள் வந்தால் மாற்றிக் கொடுப்பார்கள், பில் இல்லையென்றால் இல்லை. மவுஸுக்கு எச்எஸ்என் (சரக்குக் குறியீட்டு எண்) 8471, வரி 18 சதவீதம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. "பில் வேணும்னா விலை கூடும்" என்று சொல்லும் கடையில், ஜிஎஸ்டி கணக்கு எழுதும் நீங்கள் வாங்கினால் நன்றாகவா இருக்கும்?

காலண்டர் அட்டைச் சோதனையையும் டாங்கிள் இடம் மாற்றுவதையும் இன்றைக்கே செய்து பாருங்கள், அதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டாம். டாக்டரிடம் போவதும் அப்படியே. மவுஸை இடது கைக்கு மாற்றுவதை மட்டும், ரிட்டர்ன் தாக்கல் நெருக்கடி இருக்கும் 11-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் நடுவில் ஆரம்பிக்காதீர்கள். தாக்கல் முடிந்து 21-ஆம் தேதி காலையில், அவசரமில்லாத பழைய பில்களை வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.